ருசி பாராமல் காய்ச்சிய பியர்

எங்கள் வீட்டுக்கார அன்ரி வாழ்நாளில் ஒரு சொட்டுப் பியர் குடித்தவரில்லை. செவ்வாய், வெள்ளி விரதம். கந்தசட்டி ஆறு நாளும் ஒருநேரம் பால்தான். நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் அவரைக் கண்டது கிடையாது. அந்த மனுசி காய்ச்சுகிற பியரைக் குடித்தவர்கள் கடைப் பியரைக் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டார்கள் என்று யாராவது எனக்கு முதலே சொல்லியிருந்தால், விசர்க்கதை கதைக்காமல் போங்கோ என்றுதான் சொல்லியிருப்பேன்.

அன்ரியும் அவருடைய மனிசன் அங்கிளும் இருந்த வெக்ஸ்போர்ட் வீட்டு பேஸ்மென்டில் நானும் என் மனிசனும் வாடகைக்கு இருந்தோம். மனிசன் லொறி ஓட்டுகிறவர். திங்கள் வெளிக்கிட்டால் ஞாயிறுதான் வீடு. நான் ஊறுகாயும் ஜாமும் அடைக்கிற ஒரு தொழிற்சாலையில் கண்ணாடிப் போத்தல் லைனில் நின்றேன். குடிவந்து இரண்டாம் கிழமை, வேலையால் வந்து கதவைத் திறக்கிறேன், படிக்கட்டு முழுக்க ஒரு மணம். பாண் வேகிற மணம் மாதிரியும் இருக்கிறது, கசாயம் கொதிக்கிற மணம் மாதிரியும் இருக்கிறது. மணத்தின் பின்னால் போனேன். வீட்டைச் சூடாக்குகிற மெசின் நிற்கிற ஃபேர்னஸ் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ தண்ணீருக்குள் மூச்சு விடுவதுபோல ‘குளுக், குளுக்’ என்று சத்தம். எனக்கு வாயும் சும்மா இராது, கையும் சும்மா இராது. திறந்தேன். உள்ளே கோயில் அன்னதானத்துக்குச் சமைக்கிற அளவில் ஒரு அண்டா. அண்டாவுக்குள் ஏதோ ஒன்று பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு நிற்கிறது. பாவாடையைத் தூக்கிப் பார்த்தால் பெரிய கண்ணாடிச் சாடி. சாடி நிறைய மண்ணிறத் தண்ணீர், மேலே நுரை.

கசிப்புத்தான், கள்ளச்சாராயம்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். எங்களுக்கு இந்த நாட்டில் இருக்கப் பேப்பர் கிடைத்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. பொலிஸ் வந்தால் மேல்வீட்டுக்காரரையா பிடிப்பான், பேஸ்மென்டில் இருக்கிற எங்களைத்தானே பிடிப்பான்? மனிசனுக்குப் போன் அடித்து, உடனே வேறு வீடு பாருங்கோ என்று அழாத குறையாகச் சொன்னேன். அவர் எங்கேயோ பெருந்தெருவில் லொறியை ஓட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மேலே போய்க் கேட்டதற்கு அன்ரி கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

“உது அங்கிளுக்குப் பியர், பிள்ளை. வீட்டிலை குடிக்கிறதுக்குக் காய்ச்சலாம், விக்கத்தான் ஏலாது. நான் விசாரிச்சுப்போட்டுத்தான் துவங்கினனான்.”

பாவாடை ஏன் என்று கேட்டேன். வெளிச்சம் பட்டால் பியரின் மணம் மாறிப்போகுமாம். பழைய பாவாடை, தோய்த்துத்தான் கட்டினதாம். அண்டா எதற்கென்றால், நுரை பொங்கி வழிந்தால் நிலத்தில் ஊற்றுப்படாமல் இருக்க. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ருசி எப்படி அன்ரி என்று கேட்டபோதுதான் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கென்ன தெரியும், குடிக்கிறவையைக் கேள் என்றார்.

பியர் மட்டும் என்று நினைக்கவேண்டாம். அன்ரி எதையுமே ருசி பார்ப்பதில்லை. திவசத்துக்கும் விரதத்துக்கும் சமைக்கும்போது படைக்குமுன் வாயில் வைக்கக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள முறைதான். என்னுடைய அம்மாவும் அப்படித்தான் சமைத்தார். ஆனால் அம்மா மற்ற நாட்களில் அகப்பையை உள்ளங்கையில் தட்டி நக்கிப் பார்ப்பார். அன்ரிக்கு மற்ற நாள் என்று ஒன்று இல்லை. சாதாரண புதன்கிழமைப் பருப்பையும் படையல் மாதிரித்தான் இறக்குவார். மூக்கால் பார்ப்பார், காதால் பார்ப்பார். குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் தலையைச் சரித்து, இன்னும் தண்ணிச் சத்தம்தான் கேக்குது, பொறு என்பார். கேட்டால் ஒரே பேச்சு: “என்ரை நாக்கு எனக்கு. என்ரை கை மற்றவைக்கு.”

சனிக்கிழமைகளில் நான் தனியே கிடக்கிறேன் என்று மேலே கூப்பிட்டுச் சாப்பாடு தருவார். அங்கிளுக்கும் எனக்கும் போட்டுவிட்டு, கரண்டியோடு நின்றபடி ஒரு கேள்வி கேட்பார்.

“உப்பு?”

“அளவு,” என்று நாங்கள் சொல்லவேண்டும். சொன்னபிறகுதான் தனக்குப் போடுவார். சும்மா முகத்துக்காகச் சொல்கிற கதை கிடையாது, உண்மையாகவே எப்போதும் அளவாக இருக்கும். ஒருமுறை என் மனிசன் வீட்டில் நின்ற நேரம், பகிடிக்கு, கொஞ்சம் குறைவு அன்ரி என்றுவிட்டார்.  அன்ரி எங்கள் மூன்று பேருடைய சாப்பாட்டுக் கோப்பைகளையும் எடுத்து, சோறு, கறி, பொரியல் எல்லாவற்றையும் திரும்பச் சட்டிக்குள் கொட்டப்போனார். மனிசன் பாய்ந்து கையைப் பிடித்து, பகிடி அன்ரி, சத்தியமாய்ப் பகிடி என்று கெஞ்சவேண்டி வந்தது. தான் வாயில் வைக்காத ஒன்றை மற்றவர் வாய்க்குக் கொடுக்கிறவர் அவர். அதில் பிழை என்று ஒருவர் சொன்னால் மிச்சப் பேச்சுக்கு இடமில்லை.

பியரும் அப்படித்தான். சனிக்கிழமை நாலு மணிக்குப் பிரிட்ஜைத் திறந்து ஒரு போத்தல் எடுத்து, கைபிடி வைத்த கண்ணாடிக் குவளையில் ஊற்றுவார். குவளையைத் தன் காதோடு வைத்து நுரை பொரிகிற சத்தத்தைக் கேட்பார். பிறகு ஒருதரம் மணந்து பார்ப்பார். சரி, குடியுங்கோ என்று அங்கிளிடம் கொடுப்பார். அங்கிள் ஒரு வாய் குடித்துவிட்டுச் சோதனை எழுதுகிற பெடியன் மாதிரி நிமிர்ந்து உட்காருவார். கசப்புக் காணுமோ, தொண்டையில் நிக்குதோ, பின்னுக்கு இனிப்பு வருதோ என்று கேள்விகள் வரும். பதிலை மனதில் வைத்துக்கொண்டு அடுத்தமுறை அதைத் திருத்திக் காய்ச்சுவார். எனக்கும் அரைக் குவளை தருவார். நல்ல பியர். இப்போதும் சொல்வேன், அதுபோல ஒன்றை நான் பிறகு குடிக்கவில்லை.

இந்தக் காய்ச்சல் எப்படித் தொடங்கியது என்பதை அங்கிளே ஒருநாள் சொன்னார். அன்ரி பக்கத்தில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார், மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் வருவதற்கு மூன்று வருசம் முன்பு வரைக்கும் அங்கிள் விஸ்கிக்காரர். ஐந்து வீடு தள்ளி ஒரு சிநேகிதர் இருந்தார். அவருடைய கராஜில் ஹீற்றர் போட்டு, நாலு கதிரை வைத்து, வெள்ளி பின்னேரம் துவங்கினால் ஞாயிறு வரைக்கும் கூட்டம் இருக்கும். எல்லோரும் அவரைக் கராஜ் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மாரிகாலச் சனிக்கிழமை அங்கே இருந்து ஐந்து வீடு நடந்து வர முடியாமல் அங்கிள் ஐஸில் விழுந்து, மணிக்கட்டு முறிந்து, எழும்பத் தெம்பில்லாமல் ஸ்னோவுக்குள் கிடந்தார். நாயோடு நடக்கப்போன ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்டிராவிட்டால் அன்றைக்கு ஆள் விறைத்துப் போயிருப்பார்.

அன்ரி அழவுமில்லை, ஏசவுமில்லையாம். கைக்கு மாக்கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தபிறகு, குடியை விடச் சொல்லி நான் கேக்கேல்லை, வெளியிலை குடிக்கவேண்டாம், என்ன வேணுமெண்டு சொல்லுங்கோ, நான் காய்ச்சித் தாறன் என்றாராம். அங்கிள் நக்கலாகப் பியர் என்று சொன்னார். அடுத்த கிழமை அன்ரி பஸ்ஸில் போய், அதற்கான சாமான் விற்கிற கடையைக் கண்டுபிடித்து, அங்கே நின்ற பெடியனிடம் எல்லாம் கேட்டு, கண்ணாடிச் சாடியைப் பிள்ளையைப்போல மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஒப்பந்தம் இதுதான்: சனிக்கிழமை இரண்டு குவளை, வீட்டில், அன்ரி காய்ச்சினது மட்டும். மூன்று வருசமாக அங்கிள் அந்தக் கராஜ் வாசலை மிதிக்கவில்லை. கராஜ் அண்ணை மட்டும் இடைக்கிடை போன் எடுத்து, கதிரை இன்னும் உங்களுக்காகக் கிடக்கு என்பார்.

பார்லித் தண்ணீர் காய்ச்சி ஈஸ்ட் போட்டுச் சாடியில் மூன்று கிழமை. போத்தலில் அடைத்து நுரை பிடிக்க இன்னும் இரண்டு கிழமை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இரண்டு போத்தல். ஒரு காய்ச்சல் முடிகிறபோது அடுத்தது ஆயத்தமாக இருக்கும். மூன்று வருசத்தில் ஒரு சனிகூடத் தவறவில்லை.

தவறியது ஒரு தை மாதத்தில்.

அன்று அங்கிளுடைய தகப்பனின் திவசம், வியாழக்கிழமை. ஐயர் வீட்டுக்கு வந்து செய்கிற திவசம். நான் லீவு போட்டுவிட்டு உதவிக்கு நின்றேன். விடிய ஆறு மணிக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த அன்ரிக்குத் திடீரென்று ஒரு யோசனை. ஐயர் இருந்து மந்திரம் சொல்லப்போவது முன் விறாந்தை அறையில். அந்த அறைக்கு நேரே கீழே ஃபேர்னஸ் அறை. ஐயரின் ஆசனத்துக்குக் கீழே பியர் நிற்கலாமோ? வாற சனி போத்தலில் அடைக்கவேண்டிய பியர், சாடி நிறைய இருக்கிறது. அங்கிள் பகிடியாக, ஐயருக்கென்ன பேஸ்மென்ட் வரைக்கும் மூக்கு இருக்கோ என்று கேட்டார். அன்ரி கேட்கவில்லை. இருவரும் மூச்சு வாங்க வாங்கச் சாடியை அண்டாவோடு தூக்கிக்கொண்டுபோய்த் தங்கள் வீட்டுக் கராஜுக்குள் வைத்தார்கள்.

வெளியே மைனஸ் இருபது. கராஜுக்கு ஹீற்றர் இல்லை. ஐயர் வேறு வீட்டில் பிந்தி, ஸ்னோவில் மாட்டுப்பட்டு, பதினொரு மணிக்கு வந்தார். படைத்து, பிதிர்க்கடன் முடித்து, அவர் வெளிக்கிட ஒன்றரை மணி. அன்ரி கதவைச் சாத்தினதும் முதல் வேலையாகக் கராஜுக்கு ஓடினார். சாடியைத் தொட்டால் கை ஒட்டுகிறது. ஈஸ்ட் செத்திருந்தால் போத்தலில் நுரை பிடிக்காது. அன்ரிக்குப் பதகளிப்பு. சாடியைத் திரும்ப ஃபேர்னஸ் அறைக்குக் கொண்டுவந்து அண்டாவுக்குள் வைத்து, பெரிய துவாயைக் கொதித்த தண்ணீரில் தோய்த்து, முறுக்கிப் பிழிந்து, குளிரில் விறைத்த பிள்ளைக்குப் போர்த்துவதுபோலச் சாடியைச் சுற்றிப் போர்த்தினார்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. ‘டிக்’ என்று ஒன்று. அவ்வளவுதான். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாடியின் அடி வட்டமாகக் கழன்று, பியர் முழுக்க அண்டாவுக்குள் இறங்கி நின்றது. ஒரு சொட்டு நிலத்தில் சிந்தவில்லை. சாடியின் மேல்பாதி துவாய்க்குள் அப்படியே நின்றது. கண்ணாடிப் போத்தல் லைனில் நிற்கிற எனக்கு, விறைத்த கண்ணாடியில் சூடு பட்டால் வெடிக்கும் என்று தெரிந்திருக்கவேண்டும், சுடுதண்ணி வேண்டாம் அன்ரி என்று கத்தியிருக்கவேண்டும். வாய் ஓயாத நான் அந்த ஒரு நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அன்ரி முதலில் அங்கிளுடைய கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னுடையதைப் பார்த்தார். ஒருவருக்கும் வெட்டில்லை. அதன்பிறகுதான் அண்டாவைப் பார்த்தார்.

அப்போது அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன். இடுக்கியால் கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி, பேப்பர் விரித்து, அந்தச் சாடியின் அடியைத் திரும்பப் பொருத்தத் தொடங்கினார். ஒரு துண்டும் குறையாவிட்டால் பியருக்குள் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அரை மணித்தியாலம் குனிந்தபடி இருந்து பொருத்தினார். எல்லாம் பொருந்தியது. விளிம்பில் ஒரு நக அளவு இடைவெளி மட்டும் மிச்சம். அந்தத் துண்டை அங்கிள் ரோர்ச் அடித்துத் தேடினார். நான் துவாயை உதறித் தேடினேன். கிடைக்கவில்லை.

அரித்தால் சரி என்றார் அங்கிள். அலுமாரியில் இருந்து புது வேட்டியை எடுத்துவந்து நாலாக மடித்துப் பிடித்தார். அன்ரி குவளை குவளையாக ஊற்ற, கீழே வேறு பானையில் பியர் இறங்கியது. முதல் அரிப்பில் வேட்டியை யன்னலுக்கு நேரே பிடித்தபோது சீனி தூவினதுபோல மினுங்கியது. நகத்துண்டு அங்கேயும் இல்லை. அது நொறுங்கியிருக்கவேண்டும். வேட்டியைக் கழுவி இரண்டாந்தரம் அரித்தார்கள். ஒன்றிரண்டு மினுக்கம். மூன்றாந்தரம் துணி துப்புரவாக இருந்தது. அங்கிளின் முகம் வெளித்துவிட்டது.

எனக்கு இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எங்கள் லைனில் ஒரு போத்தல் வெடித்தால் போத்தல் ஓடுகிற பட்டியை நிற்பாட்டுவார்கள். வெடித்த போத்தலை மட்டுமல்ல, அதற்கு முன்னுக்கும் பின்னுக்கும் நின்றதையெல்லாம் எடுத்துக் கொட்டுவார்கள். அரிக்கிறது, வடிக்கிறது, பார்த்து எடுக்கிறது என்ற பேச்சே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற துண்டு பிரச்சினையில்லை, தெரியாததுதான் பிரச்சினை என்று முதல்நாளே சொல்லித் தருவார்கள். அதைச் சொன்னேன். அங்கிள், அது கொம்பனிக்காரன் கோட்டு வழக்குக்குப் பயந்து செய்யிறது என்றார். அன்ரி வேட்டியை விரித்துப் பார்த்தபடி நின்றார்.

“துணி பிடிச்சதைத்தான் காட்டும்,” என்றார். “விட்டதைக் காட்டாது.”

ஆனால் ஊற்றவும் இல்லை. பானையை மூடி, மூடிக்கு மேல் கல் வைத்தார். ஊற்றச் சொல்லி நான் பின்னாலே போய் நச்சரித்தபோது, குசினிக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“பிரிட்ஜிலை நாலு போத்தல்தான் கிடக்கு பிள்ளை. ரெண்டு சனிக்குக் காணும். உதை ஊத்தினால் பிறகு ஒரு மாசத்துக்கு ஒண்டுமில்லை. இந்த மனுசன் திரும்பக் கராஜ் அண்ணையிட்டைப் போயிடும். ஊத்தாட்டி வயித்துக்குள்ளை கண்ணாடி போம். நான் எதைச் செய்யிறது?”

என்ன செய்கிறது என்று அவர் யாரையும் கேட்டு நான் கண்டதென்றால் அந்த ஒரு தரம்தான்.  

சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் குசினியில் நின்றோம். இரண்டு நாள் அசையாமல் இருந்த பானை. அங்கிள் நன்றாக யோசித்து வைத்திருந்தார். கண்ணாடி பாரம், அடிக்குப் போயிருக்கும், மேலாலை ரியூப்பில் இழுத்தெடுத்தால் ஒன்றும் வராது, ஒரு வாய் குடித்துப் பார்ப்போம், சரியென்றால் அடைப்போம் என்றார். பிழையென்று அடித்துச் சொல்ல முடியாத கதைதான். அன்ரி ரியூப்பை மேலாகப் பிடித்து ஒரு குவளை எடுத்தார். யன்னலுக்கு நேரே பிடித்தார். தேன் நிறத்தில் தெளிந்திருந்தது. ஒரு தூசு இல்லை. காதோடு வைத்தார். நுரை பிடிக்காத பியர், ஒரு சத்தமும் வந்திருக்காது. மணந்தார். அங்கிள் கையை நீட்டினார்.

அன்ரி கொடுக்கவில்லை.

“பொறுங்கோ,” என்றார். “முதல் நான் குடிக்கிறன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படையலுக்கு முதல் ஒரு பருக்கை வாயில் வைக்காத மனுசி. சனிக்கிழமை உப்புக் கேட்டு நிற்கிற மனுசி. பகிடி இல்லை, குவளை வாய்க்குக் கிட்டப் போய்விட்டது.   அதற்குள் அங்கிள் குவளையைப் பிடித்துவிட்டார்.

“விடும்,” என்றார்.

“ஏன்? அதிலை ஒண்டுமில்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

“நான் குடிக்கிறதுக்குச் சொன்னனான்.” அங்கிள் குவளையை அவர் கையிலிருந்து வாங்கினார். “உம்மடை நாக்கு வெட்டுப்பட்டால் என்னை ஆர் பேசுறது?”

குவளையைக் கழுவுதொட்டிக்குள் கவிழ்த்தார். பிறகு பானையைத் தூக்கினார். மறுபக்கத்தை நான் பிடித்தேன். இரண்டு பேருமாகப் படியிறங்கி, உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்தில் உள்ள தொட்டியில் ஊற்றினோம். பொன் நிறமாகச் சுழன்று சுழன்று போனது. அங்கிள் கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே அன்ரி சட்டி கழுவுகிற சத்தம் கேட்டது, வழமையைவிடப் பலமாக.

அதன்பிறகு அன்ரி காய்ச்சுகிற பேச்சே எடுக்கவில்லை. சாடி வாங்குவோமா என்று நான் கேட்டதற்கு, என்ரை கைப்பிழை பிள்ளை, ஐயருக்கு ஒளிக்க வெளிக்கிட்டுக் குடிக்கிற மனுசனுக்குக் கண்ணாடி குடுக்கப் பாத்தன், போதும் என்றார். அங்கிளும் கேட்கவில்லை. இருந்த நாலு போத்தலில் இரண்டு சனி ஓடியது. இரண்டாம் சனி கடைசிப் போத்தலை அங்கிள் ஒரு மணித்தியாலம் வைத்துக் குடித்தார். கராஜ் அண்ணை இரண்டுதரம் போன் எடுத்தார். எங்கள் பேஸ்மென்டுக்கே அங்கிள் சிரிக்கிற சத்தம் கேட்டது, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

இதை எழுதும்போது நான் ரூஜ் என்கிற இடத்தில் என் சொந்த வீட்டுக் குசினியில் இருக்கிறேன். அன்ரியும் அங்கிளும் பிக்கரிங்கில் மகளோடு. அன்ரியைப் போல ருசி பாராமல் சமைக்க நானும் ஒரு மாசம் முயன்று பார்த்தேன். என் மனிசன் கையெடுத்துக் கும்பிட்டபிறகு விட்டுவிட்டேன். ஆனால் ஒரு கிளாஸ் உடைந்தால் பக்கத்தில் திறந்திருந்த சட்டியை இப்போதும் யோசியாமல் கொட்டிவிடுவேன். வீண் என்று மனிசன் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

மூன்றாம் சனிக்கு வருகிறேன். ஸ்னோ கொட்டிக்கொண்டிருந்தது. நான் மேலே போனபோது அன்ரி கத்தரிக்காய்க் குழம்புக்குத் தேங்காய்ப்பால் விட்டுக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு அங்கிள் வந்து, பழக்கத்தில் பிரிட்ஜைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாத்தினார். மேல்கோட்டைப் போட்டு, தொப்பியைப் போட்டார்.

“உதிலை ஒருக்கால் போயிட்டு வாறன்,” என்றார்.

எங்கே என்று அன்ரி கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் தன் பக்கத்தைத் தான் காப்பாற்றவில்லை, பிறகு எந்த வாயால் கேட்கிறது என்று நினைத்திருப்பார். கதவு சாத்துப்பட்டது. கழுவுதொட்டிக்கு மேலே உள்ள யன்னலால் தெரு தெரியும். அங்கிள் கராஜ் அண்ணையின் வீட்டுப் பக்கம்தான் நடந்தார். பஸ் தரிப்பிடமும் அந்தப் பக்கம்தான். எனக்கு அது அப்போது நினைவுக்கு வரவில்லை. அன்ரிக்கு வந்ததோ தெரியாது. குழம்பைத் துழாவினார். அடுப்பைக் குறைத்தார், கூட்டினார். சட்டிக்குப் பக்கத்தில் காதைச் சரிக்கவில்லை. ஒரு மணித்தியாலம் போனது. பொரியலைப் பொரித்து இறக்கினார். ஒன்றரை மணித்தியாலம். நான் ஏதேதோ அலட்டினேன், தொழிற்சாலைக் கதை, சுப்பவைசர் கதை. ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை என்றாரே தவிர, ஒன்றும் காதில் விழவில்லை என்று தெரிந்தது. எனக்கு அங்கிளில் வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. மூன்று வருசம் பொறுத்தவருக்கு ஒரு சனி பொறுக்க ஏலாதோ?

ஆறு மணி கிட்ட முன்கதவு திறந்தது. ஸ்னோ மூடின தொப்பியோடு அங்கிள் நிற்கிறார். தோளில் வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி, மூடியும் குழாயும் வைத்தது. கையில் ஒரு பை பார்லி. இரண்டு பஸ் மாறிப் போய் வந்திருக்கிறார். வாளியைக் குசினி நிலத்தில் வைத்து, விரலை மடக்கித் தட்டிக் காட்டினார்.

“உது உடையாது. ஐயர் வந்தால் கராஜுக்குத் தூக்கவேண்டாம், பாவாடையைக் கட்டிவிடும்.”

அன்ரி வாளியைப் பார்த்தார். அங்கிளைப் பார்த்தார். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ, நிலமெல்லாம் ஈரம் என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமல் நின்று கனநேரம் கோப்பை துடைத்தார்.

சாப்பிட இருந்தோம். அன்ரி சோற்றையும் குழம்பையும் போட்டுவிட்டு, கரண்டியோடு நின்றார்.

“உப்பு?”

நான் ஒரு வாய் வைத்தேன். குழம்பில் உப்பே இல்லை. குறைவு என்றுகூடச் சொல்ல ஏலாது, ஒரு கல்லும் விழவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் அங்கிளைப் பார்த்தேன். அவர் குனிந்த தலை நிமிராமல் இரண்டாம் வாய் பிசைந்துகொண்டிருந்தார்.

“அளவு,” என்றார்.

“அளவு,” என்றேன் நானும்.

அன்ரி தனக்குப் போட்டுக்கொண்டு வந்து இருந்தார். ஒரு வாய் வைத்தார். கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார். அங்கிள் கோப்பையை நீட்டி, இன்னும் கொஞ்சம் குழம்பு விடும் என்றார். அன்ரி விட்டார். உப்புப் போத்தல் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. மூன்று பேரும் அந்தக் குழம்பைச் சட்டி வழித்துச் சாப்பிட்டு முடித்தோம்.